பழைய கேமிங் லேப்டாப்: சரிசெய்து ஓட்டுவதா, புதிது வாங்குவதா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதே மாதத்தில் ஜிடிஎக்ஸ் 10 வரிசை கிராஃபிக்ஸ் சிப்புகளுக்குப் புது விளையாட்டுகளை ஒட்டி டிரைவர் வெளியிடும் வேலையை என்விடியாவும் முடித்துக்கொண்டது. இனி அவற்றுக்கு 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், 'குரூஷியல்' என்ற பெயரில் கடைகளில் விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை மொத்தமாக வாரிக்கொண்டு போனதில், அதற்குள்ளாகவே ரேம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது.

பழைய லேப்டாப்பில் விளையாடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த மூன்றும் ஒரே சமயத்தில் வந்த தலைவலி. முதல் இரண்டு செய்திகளும் பழையதைத் தூக்கிப்போடச் சொல்கின்றன. மூன்றாவது செய்தியோ புதிது வாங்கினாலும் செலவு, பழையதை மேம்படுத்தினாலும் செலவு என்கிறது. முன்பெல்லாம் யோசிக்காமல் சொல்லிவிடக்கூடிய பதில் ஒன்று இருந்தது: "ஒரு ரேம் வாங்கிப் போடு, ஓடும்." அந்தப் பதிலையும் இப்போது கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இது யாருடைய பிரச்சினை என்று பார்த்தால், 2019-லும் 2020-லும் கல்லூரியில் சேர்ந்தவர்களுடையது. "ஆன்லைன் கிளாஸுக்கு வேணும்ப்பா" என்று வீட்டில் சொல்லி வாங்கிய கேமிங் லேப்டாப்களுக்கு இப்போது ஐந்தாறு வயது ஆகிவிட்டது. பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சு. இன்டெல் ஐ5-9300ஹெச் அல்லது அதற்கு இணையான ரைசன் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ், அதற்கென்று தனியாக 4 ஜிபி நினைவகம், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி. வாங்கியவர் இப்போது வேலைக்குப் போகிறார், கையில் காசு இருக்கிறது, விளையாட நேரம்தான் இல்லை. இந்த லேப்டாப்பையே உதாரணமாக வைத்துக்கொண்டு பேசுவோம்.

சர்வீஸ் கடையில் கேட்டால் ரேமும் எஸ்எஸ்டியும் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்பார்கள். விற்பனைக் கடையில் கேட்டால் இதற்கெல்லாம் செலவு பண்ணாதீர்கள், எக்ஸ்சேஞ்ச் போட்டுவிடலாம் என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் சரக்கைச் சொல்கிறார்கள். என் கட்சி வேறு. லேப்டாப்பின் வயதைப் பார்த்து முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. நீங்கள் விளையாட நினைக்கும் விளையாட்டு கேட்கிற ஒன்று, உங்கள் லேப்டாப்பில் மாற்றவே முடியாத பாகத்தில் இல்லையென்றால், அன்றைக்குத்தான் அது பழையது. அதுவரை சரிசெய்து ஓட்டலாம். அந்த நாள் வந்துவிட்டால் ரேம், எஸ்எஸ்டி, கூலிங் பேட் என்று எதைச் சேர்த்தாலும் காசு தண்டம்.

மாற்ற முடியாதது எது?

மேசைக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகலாம். லேப்டாப்பில் அந்தச் சிப்பும் அதன் நினைவகமும் மதர்போர்டிலேயே பற்றவைத்து வருகின்றன. பிராசஸரும் அப்படியே. ஆக, விளையாட்டுக்கு முதன்மையான இரண்டும் வாங்கிய அன்றே தீர்மானமாகிவிடுகின்றன.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. எம்எக்ஸ்எம் என்று ஒரு வடிவம் இருந்தது. லேப்டாப்புக்குள் செருகிக் கழற்றக்கூடிய சின்ன கிராஃபிக்ஸ் பலகை அது. ஏலியன்வேர், எம்எஸ்ஐ, கிளெவோ ஆகியவற்றின் தடிமனான மாடல்களில் அதைப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் பலகையின் அளவையும் ஹீட்சிங்க்கையும் தன் இஷ்டத்துக்கு மாற்றியதால், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் உட்காராது. லேப்டாப்புகள் மெலியத் தொடங்கியதும் அந்த வடிவம் கரைந்துபோனது. 2019-ல் டெல், ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற மாடலைக் கொண்டுவந்து, பிராசஸரையும் கிராஃபிக்ஸையும் மாற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரப்படுத்தியது. அடுத்த தலைமுறைச் சிப்புகள் அதில் பொருந்தவில்லை என்று புகார் எழுந்து, 2021-ல் அமெரிக்காவில் வழக்குவரை போனது. இப்போது வாக்குறுதியைக் காப்பாற்றியிருப்பது ஃபிரேம்வொர்க் நிறுவனத்தின் 16 அங்குல லேப்டாப். 2024 தொடக்கத்தில் ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் பலகையோடு வந்தது. 2025-ல் அதே உடலில் செருகிக்கொள்ள ஆர்டிஎக்ஸ் 5070 பலகையை அறிவித்தார்கள். விலை அதிகம். என்றாலும், 'லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் மாற்ற முடியாது' என்பது இயற்கை விதி அல்ல, நிறுவனங்கள் எடுத்த முடிவு என்று நிரூபிக்க அந்த ஒரு மாடல் போதும்.

நம் 2019 லேப்டாப்பில் அதற்கெல்லாம் வழியில்லை. மாற்றக்கூடியவை ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, விசிறி, தெர்மல் பேஸ்ட், வைஃபை கார்டு, கீபோர்டு, கொஞ்சம் மெனக்கெட்டால் திரை. அவ்வளவுதான்.

எங்கே இழுக்கிறது?

"லேக் அடிக்குது" என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்கிறோம். அதற்குள் குறைந்தது நான்கு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. விளையாட்டு திறக்கவே நேரமாகிறதா, ஓடிக்கொண்டிருக்கும்போது திடீர் திடீரென்று அரை நொடி நின்று நின்று போகிறதா, ஆரம்பத்தில் நன்றாக ஓடி கால் மணி நேரம் கழித்து இறங்குகிறதா, முதல் நிமிடத்திலிருந்தே ஃபிரேம் குறைவா? முதலாவது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். இரண்டாவது ரேமோ கிராஃபிக்ஸ் நினைவகமோ போதாமை. மூன்றாவது சூடு. நான்காவதுதான் உண்மையிலேயே வேகம் போதாத சிப். முதல் மூன்றில் பெரும்பகுதிக்கு வைத்தியம் உண்டு.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, விளையாட்டின் மேல் மூலையில் கிராஃபிக்ஸ் பயன்பாடு, அதன் வெப்பம், அதன் நினைவகம், பிராசஸர் வெப்பம், ரேம், எஃப்பிஎஸ் ஆகியவை தெரியும்படி வையுங்கள். அரை மணி நேரம் விளையாடுங்கள். கிராஃபிக்ஸ் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நிலையாக நின்றால் அதுதான் இழுக்கிறது. 60, 70 என்று கீழே ஆடிக்கொண்டிருந்தும் ஃபிரேம் குறைவென்றால், வேறெதற்கோ கிராஃபிக்ஸ் காத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு எளிய சோதனை: திரைத் துல்லியத்தை 1920×1080-லிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எகிறினால் குறை கிராஃபிக்ஸில். அசையவே இல்லையென்றால் பிராசஸரிலோ ரேமிலோ. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற விளையாட்டுகளில் பலருக்கும் இரண்டாவதுதான் நடக்கும். அவர்கள் கிராஃபிக்ஸைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சார்ஜரைச் செருகாமல் விளையாடிவிட்டு லேப்டாப் போய்விட்டது என்று முடிவுக்கு வருபவர்கள் நிறையப் பேர். பேட்டரியில் ஓடும்போது எந்த கேமிங் லேப்டாப்பும் சிப்புக்குப் போகும் மின்சாரத்தைக் கடுமையாகக் குறைத்துவிடும். அது கோளாறு அல்ல.

முதலில் மூடியைத் திறங்கள்

தமிழ்நாட்டில் பழைய கேமிங் லேப்டாப்பின் முதல் எதிரி சூடு என்பதுதான் என் அனுபவம். ஐ5-9300ஹெச் பிராசஸர் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. ஹீட்சிங்க்கும் விசிறியும் செய்வதெல்லாம் சிப்பின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துவது மட்டுமே. ஏசி அறையில் 24 டிகிரியில் சோதித்துப் பார்த்த லேப்டாப், மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள 37 டிகிரி அறையில் ஓடும்போது, அந்த 13 டிகிரி வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே சிப்பின் மேல் ஏறுகிறது. அங்கே 85-ல் நின்றது இங்கே 98-க்குப் போய் மூச்சு வாங்குகிறது. யூடியூப்பில் எவரோ காட்டும் ஃபிரேம் எண்ணிக்கை உங்களுக்குக் கிடைக்காததற்கு இது ஒரு காரணம்.

இதற்கு மேல் தூசி. அடிமூடியின் திருகுகளைக் கழற்றி (நீளம் மாறும், எது எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் வரைந்து குத்திவையுங்கள்), பேட்டரி இணைப்பை முதலில் பிடுங்கிவிட்டு, விசிறியைத் தனியே தூக்கிப் பாருங்கள். விசிறி காற்றை ஊதுகிற இடத்தில், செம்புத் தகடுகளின் வாயை அடைத்துக்கொண்டு, தலையணைப் பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் அது போகாது. அடைப்பு உள்பக்கத்தில் இருக்கிறது. விரலாலோ கிடுக்கியாலோ பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். ப்ளோயர் அடிப்பதென்றால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். சுழல விட்டால் பேரிங் போகும்.

பிறகு தெர்மல் பேஸ்ட். ஐந்து வருடத்தில் அது காய்ந்து, ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் சிப் பளபளவென்று தெரியும். புதிய பேஸ்ட் நல்லதுதான். ஆனால் லேப்டாப்பில் சாதாரண பேஸ்ட் சீக்கிரமே மறுபடி ஒதுங்கிவிடும். ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகிப் பரவும் தகடு கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள். பக்கத்திலுள்ள நினைவகச் சிப்புகள்மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடைக் கிழித்துவிட்டு, 'பேஸ்ட்டே போதும் சார்' என்று பூசித் தரும் கடைகளும் உண்டு. அங்கே கொடுத்தால் ஒரு வருடத்தில் திரையில் கோடு கோடாக வரும். கூடவே இருந்து பார்க்க விடும் கடையில் கொடுப்பது உத்தமம்.

வேலைக் கூலியும் பொருளும் சேர்ந்தாலும் இது ஒரு புதிய விளையாட்டின் விலைக்குள் முடிந்துவிடும் காரியம். மூன்றாவது நோய் என்று சொன்னேனே, கால் மணி நேரம் கழித்து இறங்குவது, அது பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும். லேப்டாப் வேகமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் வாங்கிய நாளின் வேகத்துக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவே.

கைதேர்ந்தவர்கள் அடுத்ததாக அண்டர்வோல்ட் செய்யப் பார்ப்பார்கள்: பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்து, வேகம் குறையாமல் சூட்டை இறக்குவது. இன்டெல் பிராசஸரில் இப்போது பலருக்கு இது முடிவதில்லை. 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபின், பயாஸ் புதுப்பிப்பின் மூலம் பல நிறுவனங்கள் அந்த வசதியைப் பூட்டிவிட்டன. கிராஃபிக்ஸ் பக்கத்தில் ஆஃப்டர்பர்னர் மூலம் இன்னமும் செய்யலாம். மெத்தைமேல் வைத்து விளையாடுவதை நிறுத்துவதும் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி வைப்பதும் கூலிங் பேட் தருகிற பலனில் பெரும்பகுதியைக் காசில்லாமல் தந்துவிடும்.

திறந்த கையோடு பேட்டரியையும் பாருங்கள். டச்பேட் லேசாக மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அன்றே கழற்றிவிட வேண்டும். ஆறு மாதம் தள்ளிப்போடும் விஷயம் அல்ல, தீப்பிடிக்கும் பொருள் அது.

ரேமும் எஸ்எஸ்டியும்

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. 5400 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 எம்பி படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500-ஐத் தொடும். விளையாட்டுக்கு இந்தக் கடைசி இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியாது. முதல் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சைபர்பங்க் 2077 தன் 2.0 பதிப்பிலிருந்தும், ஸ்டார்ஃபீல்டு வெளிவந்த நாளிலிருந்தும், குறைந்தபட்சத் தேவையாகவே எஸ்எஸ்டியைக் கேட்கின்றன. வாங்குமுன் உங்கள் லேப்டாப்பின் எம்.2 துளை என்விஎம்இ ஏற்குமா, சாட்டா மட்டும் ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

ரேம் அப்படி எளிதல்ல. 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதில் இரட்டை லாபம். அளவு கூடுவது ஒன்று. டிடிஆர்4-2666 ரேம் ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 21 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு குச்சியும் இணைந்து ஓடினால் அது 42 ஜிபி ஆவது இன்னொன்று. பிராசஸர் இழுத்துக்கொண்டிருந்த விளையாட்டுகளில் அந்தச் 'சட்சட்' நிறுத்தங்கள் குறைவதற்குப் பல சமயம் இரண்டாவது காரணம். ஏற்கெனவே 16 ஜிபி இருந்தால் 32-க்குப் போவதில் இப்போதைய விலைக்கு நியாயமே இல்லை. முன்பு ரேம் மலிவாக இருந்தபோது 'இருக்கட்டுமே' என்று போட்டோம். இன்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிடிஆர்4 குச்சிக்கும் பேரம் நடக்கிறது. லேப்டாப் ரேம் கெட்டுப்போவது அபூர்வம் என்பதால், சோதித்துப் பார்த்து வாங்க முடியுமானால் செகண்ட் ஹேண்டில் எடுப்பதில் தப்பில்லை.

ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வந்த மெல்லிய லேப்டாப் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாங்கிய நாளில் இருந்ததுதான் கடைசிவரை.

விளையாட்டு கேட்பது என்ன?

இனி வருவதுதான் வைத்தியமில்லாத பகுதி. ஜிடிஎக்ஸ் 1650-இன் 4 ஜிபி நினைவகம் 2019-ல் போதுமானதாக இருந்தது. இன்றைய பெரிய விளையாட்டுகளில் டெக்ஸ்ச்சரை நடுத்தரத்தில் வைத்தாலே அது நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் மீதி, சாதாரண ரேமுக்குப் போகிறது. கிராஃபிக்ஸின் சொந்த நினைவகம் நொடிக்கு 128 ஜிபி கொடுக்கிற இடத்தில், அங்கிருந்து வருவது அதில் சிறு பங்குதான். உடனே தடங்கல். இந்த நிலையில் கணினி ரேமை 32 ஜிபி ஆக்கினாலும் தடங்கல் போகாது.

இரண்டாவது, வன்பொருள் ரே டிரேசிங். நீண்டகாலம் அது வேண்டுமானால் போட்டுக்கொள்ளும் அலங்காரமாக இருந்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் அதைக் கட்டாயமாக்கியது. 2025 மே மாதம் டூம்: தி டார்க் ஏஜஸும் அதே வழியில் போனது. இரண்டுமே குறைந்தபட்சமாகக் கேட்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் ரகத்தை. ஜிடிஎக்ஸ் 1650-இல் ரே டிரேசிங் அலகுகளே கிடையாது. அதற்கு முன்பு 2023 அக்டோபரில் ஆலன் வேக் 2 வந்தபோது, மெஷ் ஷேடர் வசதியில்லாத ஜிடிஎக்ஸ் 10 வரிசை படுத்தே விட்டது. பிறகு ஒரு திருத்தம் கொடுத்து ஓரளவு எழுப்பினார்கள்.

மூன்றாவது, ஏமாற்று தடுப்பு. வேலரன்ட், பேட்டில்ஃபீல்டு 6 போன்றவை செக்யூர் பூட், டிபிஎம் 2.0 பாதுகாப்பு என்று கேட்கத் தொடங்கிவிட்டன. விண்டோஸ் 11-க்கும் இதே கதை: இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை அது அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. நம் ஒன்பதாம் தலைமுறை ஐ5 தப்பித்துவிட்டது. பயாஸில் டிபிஎம் அணைந்திருந்தால் போட்டுவிட்டு விண்டோஸ் 11-க்குப் போய்விடலாம். 2017-இன் ஏழாம் தலைமுறை, ஜிடிஎக்ஸ் 1050 லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் அடி.

இவற்றைப் படித்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் உண்மையில் என்ன விளையாடுகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலரன்ட் 2020-ல் வெளிவந்தபோது 2012-ஆம் ஆண்டுப் பிராசஸரோடு வந்த உள் கிராஃபிக்ஸிலேயே ஓடும்படி எழுதப்பட்டது. எல்டன் ரிங் 60 ஃபிரேமுக்கு மேல் போகவே போகாது. அதற்காக 165 ஹெர்ட்ஸ் திரை வாங்குவது வீண். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து டொரன்டோவில் உருவான 'வெண்பா' 2024-ல் பாஃப்டா விருது வாங்கிய விளையாட்டு. அதை ஓட்டக் கேமிங் லேப்டாப்பே வேண்டாம். ஹாலோ நைட்: சில்க்சாங், ஹேடிஸ் என்று கடந்த சில வருடங்களில் கொண்டாடப்பட்டவற்றில் பாதிக்கு மேல் ஜிடிஎக்ஸ் 1650-க்குச் சிரமமே இல்லை. ஸ்டீமில் நூறு விளையாட்டு வாங்கி வைத்து தினமும் ஒன்றையே திறப்பவர்கள், அந்த ஒன்றைப் பார்த்து முடிவெடுத்தால் போதும்.

இடைப்பட்டவர்களுக்கு ஒரு கைத்தடி இருக்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், படத்தைக் குறைந்த துல்லியத்தில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது, என்விடியா சிப்பிலும் வேலை செய்கிறது. 15.6 அங்குலத் திரையில் 'குவாலிட்டி' நிலையில் வைத்தால் கண்ணை உறுத்தாது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அதைவிட மேலானது, ஆனால் ஆர்டிஎக்ஸ் பெயருள்ள சிப்புகளுக்கு மட்டும். 2025-ல் வந்த அதன் புதிய முறை ஆர்டிஎக்ஸ் 20 வரிசைவரை கிடைக்கிறது. அதனால் 2019-ல் சற்றே அதிகம் கொடுத்து ஆர்டிஎக்ஸ் 2060 எடுத்தவர்களின் லேப்டாப் ஆயுள் ஜிடிஎக்ஸ் எடுத்தவர்களுடையதைவிடக் கூடுதலாக நீண்டுவிட்டது.

புதிது வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள்

2016-ல் ஜிடிஎக்ஸ் 1060 லேப்டாப்பில் வந்தபோது, மேசைக் கணினியின் 1060-க்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இருக்கவில்லை. அந்த நேர்மை நீடிக்கவில்லை. மேசைக் கணினி ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி நினைவகம். லேப்டாப் 3060-இல் 6. மேசை 4070-இல் 12. லேப்டாப் 4070-இல் 8. லேப்டாப் 4090 என்று விற்கப்படுவதில் இருப்பது மேசைக் கணினியின் 4080-க்கான சிப். பெயர் மட்டும் ஒன்று.

அதைவிட மோசம் வாட் கணக்கு. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட்வரை எதில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ள நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. மெல்லிய உடலில் குறைந்த வாட்டில் இருக்கும் 4060, தடித்த உடலில் முழு வாட்டில் ஓடும் 4050-இடம் தோற்றுப்போகலாம். பெட்டியின் மேலுள்ள ஸ்டிக்கரில் வாட் இருக்காது. நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் டிஜிபி என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், என்விடியா கண்ட்ரோல் பேனலின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அங்கே இருக்கும்.

இன்று வாங்குவதென்றால் நான் 8 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகத்துக்குக் கீழே போக மாட்டேன். 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 இன்னும் அலமாரியில் இருக்கும். விலை ஆசை காட்டும். ஆர்டிஎக்ஸ் எழுத்து இருக்கிறதே தவிர, 1650-இல் முட்டிய அதே இடத்தில்தான் அதுவும் போய் முட்டும். 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4050-கூட டூமும் இண்டியானா ஜோன்ஸும் எழுத்தில் கேட்கும் அளவுக்குக் குறைவு. 2025-இல் வந்த 5050, 5060, 5070 லேப்டாப் சிப்புகள் மூன்றுக்குமே 8 ஜிபிதான் என்பதால், நினைவகத்துக்காக 5070-வரை போவதில் பொருளில்லை. 12 ஜிபி வேண்டுமென்றால் 5070 டிஐ-க்குப் போக வேண்டும், அது வேறு பட்ஜெட். ரேம் துளை இரண்டு, எம்.2 துளை இரண்டு, உள்ளூரில் சர்வீஸ் சென்டர் ஆகிய மூன்றும் பளபளப்பான கீபோர்டு விளக்கைவிட முக்கியம்.

செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப் பார்க்கிறவர்கள் கீலை இரண்டு முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும், சார்ஜர் ஒரிஜினலா என்று பார்க்க வேண்டும், அங்கேயே இருபது நிமிடம் ஒரு விளையாட்டை ஓட விட்டு வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். மதர்போர்டில் 'சிப் லெவல் சர்வீஸ்' நடந்த லேப்டாப்பை எந்த விலைக்கும் தொடாதீர்கள். உங்கள் லேப்டாப்பிலேயே கிராஃபிக்ஸ் சிப் போய் ரீபாலிங் செய்யலாமா என்று கேட்டாலும் என் பதில் வேண்டாம் என்பதே. சூடுபடுத்தி எழுப்பிய சிப் அடுத்த கோடைவரை தாங்கினால் அதிர்ஷ்டம்.

வெளியே வைக்கும் கிராஃபிக்ஸ் பெட்டி பற்றிச் சிலர் கேட்பார்கள். தண்டர்போல்ட் துளை இருந்தால் முடியும். ஆனால் பெட்டி, பவர் சப்ளை, கார்டு மூன்றும் சேர்ந்த விலையில் ஒரு மேசைக் கணினி ஏறக்குறைய வந்துவிடும். கேபிளில் வேகமும் கொஞ்சம் போகும். 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் போன்ற சேவைகள், நல்ல ஃபைபர் இணைப்புள்ளவர்களுக்குக் கதை விளையாட்டுகளை ஒரு மாதச் சந்தாவில் பார்த்துவிட நல்ல வழி. போட்டி விளையாட்டுக்குச் சரிவராது.

வீட்டிலேயே உட்கார்ந்து விளையாடுபவர்கள் மேசைக் கணினியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். விடுதியிலும் வாடகை அறையிலும் இருந்தபோது லேப்டாப் தேவைப்பட்டது. வேலை கிடைத்து, அலுவலகம் ஒரு லேப்டாப்பையும் கையில் கொடுத்துவிட்ட பிறகு, இன்னொரு லேப்டாப் எதற்கு? கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அங்கே இருக்கிறது. ரேம் விலைதான் இப்போது அந்தப் பாதையிலும் குறுக்கே நிற்கிறது.

ஆக, அந்த ஜிடிஎக்ஸ் 1650 லேப்டாப்புக்கு என் தீர்ப்பு: விளையாடுவது போட்டி விளையாட்டுகளும் சிறு நிறுவன விளையாட்டுகளும் என்றால், தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, எஸ்எஸ்டி இல்லையென்றால் ஒன்று போட்டு, 8 ஜிபி ரேமை 16 ஆக்கி, விண்டோஸ் 11-க்குப் போய், இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள். மொத்தச் செலவு புதிய லேப்டாப் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும் என்றால் ரேமை விட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள். 2024-க்குப் பிறகு வந்த பெரிய விளையாட்டுகள்தான் வேண்டும் என்றால், இதில் சுத்தம் செய்வதைத் தவிர ஒரு ரூபாயும் போடாமல் புதியதற்குச் சேர்த்து வையுங்கள். ஜிடிஎக்ஸ் 1050, 1060 வைத்திருப்பவர்கள் பழைய விளையாட்டுகளோடு நிறைவாக இருந்தால் சரி. இல்லையென்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 2060, 3060 வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சில் கொடுக்குமுன் எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தரவு அதில் இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் விலையில் அதற்குத் தனியாகக் காசு தருவதும் அரிது, அது என்விஎம்இ ரகம் என்றால் புதிய லேப்டாப்பின் இரண்டாவது எம்.2 துளையில் அப்படியே உட்காரும். டிடிஆர்4 ரேம் உட்காராது. அதைத் தனியாக விற்றுவிடுங்கள், இப்போது நல்ல விலை போகிறது.